நெஞ்சுவலியும் நாட்கூலியும்: இதய நோயின் சமூகக் காரணங்கள்

இதய நோய் ஏன் வருகிறது என்று யாரைக் கேட்டாலும், புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பு, தொப்பை, உடற்பயிற்சிக் குறைவு என்று ஒரு பட்டியலைச் சொல்லிவிடுவார்கள். பட்டியல் சரியானதுதான். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டில் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, இவை உள்ளிட்ட ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. ஆனால் ஒரே வயதும் ஒரே ரத்த அழுத்தமும் கொண்ட இருவருக்கு மாரடைப்பு வரும்போது, ஒருவர் பிழைத்து மற்றவர் இறப்பது ஏன் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. அதற்கு விடை தேடுகிறவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையை மூடி வைத்துவிட்டு, நோயாளியின் கூலி எவ்வளவு, வீடு எங்கே இருக்கிறது, எவ்வளவு படித்தார், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. இவற்றைத்தான் மருத்துவ உலகம் உடல்நலத்தின் சமூகக் காரணிகள் என்கிறது. பிறப்பது, வளர்வது, உழைப்பது, முதுமை அடைவது ஆகிய அனைத்தும் எந்தச் சூழலில் நடக்கின்றன என்பதே இதன் பொருள்.

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள நல்ல தொடக்கம், ‘பியூர்’ என்று அழைக்கப்படும் பன்னாட்டு ஆய்வு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையிலான குழு, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2014இல் ஒரு முடிவை வெளியிட்டது. இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் மிகுதியாக இருந்தன. ஏழை நாடுகளில் மிகக் குறைவாக இருந்தன. அப்படியானால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏழை நாடுகளில் குறைந்திருக்க வேண்டும். நேர்மாறாக, அங்கேதான் கடுமையான இதய, ரத்தநாள நிகழ்வுகள் அதிகமாக இருந்தன. அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களில் உயிரிழந்தோர் பணக்கார நாடுகளில் 6.5 விழுக்காடு, ஏழை நாடுகளில் 17.3 விழுக்காடு. ஏழையின் உடலில் ஆபத்து குறைவாகவே இருந்தும் அவருடைய உயிருக்கு ஆபத்து கூடுதலாக இருக்கிறது என்றால், அந்த இடைவெளி உடலுக்கு வெளியே எங்கோ உண்டாகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

எங்கே உண்டாகிறது என்பதை இந்தியாவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு கண்ணுக்கு நேராகக் காட்டியது. ‘கிரியேட்’ என்ற அந்தப் பதிவேட்டில் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்புடனும் அதையொத்த நிலையுடனும் சேர்க்கப்பட்ட 20,468 நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டு, 2008இல் வெளியாகின. ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளோரில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு. அடைப்பை நீக்கி, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயைப் பொருத்துவது போன்ற சிகிச்சை வசதியுள்ளோரில் 15.3 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 2 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. பைபாஸ் அறுவைச் சிகிச்சையிலும் இதே கதைதான். ஆய்வாளர்கள் இதோடு நிற்கவில்லை. ஏழைகள் கூடுதலாக இறப்பதற்கு அவர்களுடைய உடல்நிலையும் பழக்கங்களும் காரணமா, கிடைத்த சிகிச்சை காரணமா என்று புள்ளியியல் முறைப்படி பிரித்துப் பார்த்தார்கள். உடல்நிலை, பழக்கம் ஆகிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இறப்பு வேறுபாடு அப்படியே நின்றது. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டதும் அது மறைந்துவிட்டது. ‘அவர் பீடி பிடித்தார், மது குடித்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் போய்விட்டார்’ என்று சாவு வீட்டில் எளிதாகச் சொல்லப்படும் தீர்ப்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே பதிவேட்டில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடங்கள், அதாவது ஆறு மணி நேரம். மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக்குழாய் உறைந்த ரத்தக் கட்டியால் அடைபடுகிறது. அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டே போகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்தில் சிறப்பாக வேலை செய்யும். பிறகு அதன் பலன் குறைந்துகொண்டே வரும். பாதி நோயாளிகள் ஆறு மணி நேரத்துக்கும் பிந்தி வந்தார்கள் என்றால், நல்ல மருந்து கையில் இருந்தும் மருத்துவர்களால் அவர்களுக்குச் செய்ய முடிந்தது குறைவு.

அந்த ஆறு மணி நேரம் எப்படிக் கரைகிறது? ஒரு சிற்றூரில் வசிக்கும் கொத்தனார் ஒருவருக்கு விடிகாலையில் நெஞ்சை அழுத்துவது போல வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியர்க்கிறது, இடது தோள் கனக்கிறது. முந்தைய நாள் மூட்டை தூக்கியதால் வந்த சதைப் பிடிப்பு என்று அவர் நினைக்கிறார். மனைவி, “வாயுவாத்தான் இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணி குடிங்க” என்று கொடுக்கிறார். ஒரு மணி நேரம் போகிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால், சரியாகிவிடும் என்று காத்திருப்பதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. வலி விடவில்லை, தெருமுனை மருந்துக் கடை திறந்ததும் வாயுவுக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். பிறகு பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குப் போனால் அங்கே இசிஜி எடுக்கும் கருவி இல்லை. அவர்கள் தாலுகா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கே இசிஜி பார்த்ததும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள். ஆட்டோவுக்கும் காருக்கும் யாரிடம் கடன் கேட்பது என்று தேடுவதில் மேலும் அரைமணி நேரம் போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை. மாதச் சம்பளமும் விடுப்பும் கைச்சேமிப்பும் உள்ள ஒருவர், வலி வந்ததும் நேராக, ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்து நீக்கும் ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய் நிற்பார். இங்கே ஒவ்வொரு கண்ணியிலும் பணமும் தூரமும் சேர்ந்து நேரத்தை விழுங்குகின்றன. சாலையே போய்ச் சேராத மலைக் கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வர வேண்டியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாரடைப்பு வந்த நாளின் கதை இது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளின் கதை மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. வலியே இல்லாத ஒன்றுக்காக, மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்தில் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பிரஷர் மாத்திரை வாங்கிவர வேண்டும். அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசு இல்லை என்பது உண்மை. அந்த ஒரு நாளின் விலை மாத்திரையின் விலையில் சேர்வதில்லை என்பதும் உண்மை. கட்டட வேலை, செங்கல் சூளை, வீட்டு வேலை, துப்புரவுப் பணி ஆகியவற்றில் ஒப்பந்த முறையில் உழைப்பவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்பதே பெரும்பாலும் கிடையாது. எனவே ‘இப்ப உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று இரண்டு மாதம் மாத்திரையை விடுகிறார்கள். மருத்துவர் அடுத்த முறை கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளப்படுவதற்காக யார் மறுபடி போவார்கள்? தனியார் கடையில் வாங்குவதாக இருந்தால் சுமை இன்னும் கூடும். இதய நோயாளிகளுக்குத் தேவைப்படும் நான்கு அடிப்படை மருந்துகளை விலை கொடுத்து வாங்கினால், இந்தியக் குடும்பங்களில் 59 விழுக்காட்டினருக்கு அது கட்டுப்படியாகாது என்று பியூர் குழுவே 2016இல் கணித்தது. பணக்கார நாடுகளில் அது ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் கீழே இருந்தது.

உணவைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை அனைவருக்கும் தெரியும்: உப்பைக் குறைக்க வேண்டும், காய்கறி, பழம், மீன், கொட்டைகள் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பாமாயிலும் சர்க்கரையும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பசியை விரட்டியதில் ரேஷன் கடைக்கு உள்ள பங்கைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனாலும் காய்கறியும் பழமும் அந்தக் கடையில் இல்லை. சந்தையில் அவற்றின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஒரு குண்டான் கஞ்சியையோ சோற்றையோ உள்ளே தள்ளுவதற்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் துணை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிளகாய்த் துவையல். இவை நான்கிலும் உப்பு தூக்கல். ‘உப்பைக் குறையுங்கள்’ என்ற அறிவுரை அந்தத் தட்டில் எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று சொல்லாதவரை பாதி அறிவுரைதான்.

உடலுழைப்பிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. நாள் முழுவதும் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு உடற்பயிற்சி போதாதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஓய்வாக இருக்கும் நேரத்தில் விரும்பிச் செய்யும் நடைப்பயிற்சி இதயத்துக்குத் தரும் பலனை, ஓய்வில்லாமல் வெயிலில் பாரம் தூக்கும் வேலை தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு உடல் தேறுவதற்கு இடைவெளி வேண்டும். கூலி வேலையில் அந்த இடைவெளியைத் தீர்மானிப்பவர் மேஸ்திரி. விறகடுப்புப் புகையையும் இங்கே சேர்க்க வேண்டும். அது நுரையீரலை மட்டும் கெடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். புகையிலுள்ள நுண்துகள்கள் ரத்தநாளங்களையும் தாக்கி மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன.

இவ்வளவையும் படிக்கும் ஒருவர், ‘அப்படியென்றால் இது வறுமையின் பிரச்சினை, மருத்துவமும் உணவும் எல்லாருக்கும் கிடைத்துவிட்டால் வேறுபாடு போய்விடும்’ என்று முடிவு செய்யக்கூடும். அவ்வளவு எளிதல்ல என்பதை லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. வைட்ஹால் பகுதியின் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த அந்த ஆய்வில் இருந்த அனைவரும் ஆண்கள், அனைவரும் நிரந்தர அலுவலகப் பணியில் இருப்பவர்கள், அனைவருக்கும் அரசின் இலவச மருத்துவம் இருந்தது. அவர்களுள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆயினும் மைக்கேல் மார்மட்டும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட கணக்கின்படி, கடைநிலைப் பணியாளர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல 3.6 மடங்கு இருந்தது. இடைப்பட்ட பதவிகளில் இருந்தோரின் விகிதமும் இடைப்பட்டதாகவே இருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறியது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வேறுபாட்டில் பெரும்பகுதி எஞ்சியது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலை, மேலிருந்து வரும் நெருக்கடி, ஏற்பு கிடைக்காத உழைப்பு ஆகியவை உடலைத் தாக்கும் விதத்தை அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கவலை எப்படி ரத்தக்குழாயைத் தொடுகிறது என்பது புரியாத மாயம் அல்ல. ஆபத்து வரும்போது உடல் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்களைச் சுரந்து, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கூட்டுகிறது. ஆபத்து நீங்கியதும் இவை பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை தோறும் குழுக் கடன் தவணை கட்ட வேண்டிய வீட்டில், கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டில், அடுத்த வாரம் வேலை கிடைக்குமா என்று தெரியாத வீட்டில் ஆபத்து நீங்குவதே இல்லை. தூக்கம் கெடுகிறது, அழுத்தம் இறங்குவதில்லை, ரத்தநாளச் சுவரில் அழற்சி நிலைக்கிறது. அலுப்புத் தீரப் புகையும் மதுவும் கைக்கு வருகின்றன. இன்டர்ஹார்ட் பட்டியலின் ஒன்பது காரணிகளில் மன, சமூக நெருக்கடியும் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பாதிப்பின் தொடக்கம் இன்னும் பின்னால், தாயின் வயிற்றிலேயே இருக்கலாம். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை கவனமாகக் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அப்படிப் பிறந்தவர்களை நடுவயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்த ஆய்வு 1996இல் வெளியானது. பிறந்தபோது இரண்டரை கிலோவும் அதற்குக் குறைவும் இருந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கே இருந்தது. கருவில் ஊட்டம் குறைந்தால் உடல் கிடைத்ததைக் கொண்டு சிக்கனமாக வளர்கிறது. பிற்காலத்தில் சோறும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடலால் தாங்க முடிவதில்லை என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். ஒரு கர்ப்பிணி என்ன சாப்பிட்டார், எந்த மாதம் வரை களையெடுக்கப் போனார் என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அவருடைய மகனின் இசிஜியில் தெரியக்கூடும்.

மாரடைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஏழைகளின் இதய நோய் என்று முழு உரிமையோடு சொல்லத்தக்க ஒன்றை மறந்துவிடுவோம். அது ருமாட்டிக் இதய நோய். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்து உறங்கும் வீட்டில் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவுகிறது. தொண்டை வலிக்கு யாரும் மருத்துவரிடம் போவதில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வலி போய்விடுகிறது. சில பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டு வீங்கிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பாற்றல் இதய வால்வுகளையே தாக்கத் தொடங்கியிருக்கும். தொற்று திரும்பத் திரும்ப வரும்போது வால்வு தடித்துச் சுருங்குகிறது. தடுக்க வழி இருக்கிறது: மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. மலிவான மருந்துதான், ஆனால் வலிக்கும் ஊசி, தொலைவிலுள்ள மருத்துவமனை, பள்ளி விடுப்பு, அம்மாவின் கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாம் ஆண்டிலேயே பலரை நிறுத்திவிடுகின்றன. அப்படி நிறுத்திய ஒரு பெண்ணுக்குப் பிறகு திருமணம் ஆகி, கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறத்தாழ பாதி கூடும்போது, சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாமல் மூச்சுத் திணறி வந்து நிற்கிறார். நோய் இருப்பதே அப்போதுதான் தெரிகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த நோய் பென்சிலின் வருவதற்கு முன்பே குறையத் தொடங்கியது. வீடுகளில் நெரிசல் குறைந்ததும் வாழ்நிலை உயர்ந்ததும் அதற்கு முதன்மையான காரணங்கள். இங்கே வால்வு மாற்றத் தேவைப்பட்டோர் எண்ணிக்கையும் வெளிநாட்டு வால்வின் விலையும் சேர்ந்துதான் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை விலை குறைந்த இந்திய வால்வை உருவாக்கவைத்தன. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாரடைப்பின்போது பெண்களுக்கு வழக்கமான நெஞ்சுவலியோடு, அல்லது அது இல்லாமலே, மூச்சுத் திணறல், குமட்டல், முதுகு வலி, கடும் சோர்வு வரக்கூடும். சோர்வு என்று சொன்னால் வீட்டில் யார் காதில் விழும்? செலவு செய்வதற்குப் பணம் குறைவாக உள்ள குடும்பத்தில் யாருடைய வலி முதலில் கவனிக்கப்படுகிறது என்பதும் சமூகக் காரணிதான்.

இதையெல்லாம் மாற்ற முடியுமா என்று கேட்டால், மாற்றிக் காட்டப்பட்ட இடங்கள் இருக்கின்றன, தமிழ்நாட்டிலேயே. சிறு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இசிஜியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோகும் முறை 2012 முதல் 2014 வரை மாநிலத்தின் நான்கு வட்டாரங்களில் சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்தும் இருந்த மருத்துவமனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, அவ்வளவுதான். 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், கார் வாடகைக்குக் கடன் தேடும் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. 2023இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளின் முதல் தவணை கொடுக்கப்பட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இவற்றுள் நான் மிக முக்கியமாகக் கருதுவது. பிரஷர், சுகர் மாத்திரைகளைச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது, மேலே சொன்ன ஒரு நாள் கூலி இழப்பை நேரடியாகத் தவிர்க்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் வீட்டுக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுபவரும், வேலைக்காக ஊர் ஊராக மாறுபவரும், முகவரிச் சான்று இல்லாத வெளிமாநிலத் தொழிலாளரும் இந்த வலையில் எளிதில் சிக்குவதில்லை.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆஞ்சியோவையும் பைபாஸையும் ஏற்றுக்கொள்கிறது. கொத்தனார் இதன் கீழ் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகளை அவர் பொதுவாக ஓராண்டு காலம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உருவாகி அடைத்துக்கொள்ளக்கூடும். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. அந்த வாரங்களுக்குக் கூலி இல்லை, காப்பீடு அதை ஈடுசெய்வதும் இல்லை. மருத்துவமனையில் உடனிருந்த மனைவிக்கும் அத்தனை நாள் வேலை போயிருக்கும். எனவே பத்தாம் நாளே அவர் சாந்துச் சட்டியைத் தூக்கப் போவாரா இல்லையா என்பதை, அந்த வீட்டில் அந்த வாரம் கட்ட வேண்டிய கடன் தவணைதான் முடிவு செய்கிறது.